நோ போட்டால் போதும்

கடலூரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவன் தான்தான் என்று பாலகுமார் சொல்லிக்கொள்வான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன் அப்படித்தான் சொல்வான். பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம். ஆள் வாட்டசாட்டம், மீசை வேறு. உள்ளே மட்டும் ஒரே பயம். பழகுகிறவர்கள் ஓட்டும் காரில் அவன் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும் என்பதால் அங்கே அவன் புலி. காரை விட்டு இறங்கிவிட்டால் பக்கத்து வீட்டு நாயைப் பார்த்தும் தெருவை மாற்றிக்கொண்டு போவான்.

அப்படிப்பட்டவனிடம் தங்கை சத்யப்பிரியா தன் குழந்தையை ஒப்படைத்தாள். அவள் ஸ்பெயினுக்குப் படிக்கப் போய், மிகேல் என்கிற அந்த ஊர்க்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு வலென்சியாவிலேயே தங்கிவிட்டவள். லீவுக்கு மகள் எலேனாவோடு வந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பித்தப்பையில் கல். கூடப் படித்த தோழி சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர், அங்கேயே ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. டெஸ்ட்டுகளுக்காக அவள் முன்னாலேயே போய்ப் படுத்துவிட்டாள். குழந்தை கடலூரில், வண்டிப்பாளையத்தில், மாமன் வீட்டில்.

எலேனாவுக்கு ஐந்து வயது. பேச்சு லேட்டாக வந்த குழந்தை. இரண்டு மொழி போட்டுக் குழப்ப வேண்டாம் என்று அங்கே யாரோ சொல்லிவைத்ததால் வீட்டில் ஸ்பானிஷ் மட்டும்தான். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. போகும்போது தங்கை ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள். "சொன்னத அப்படியே செய்வா, அண்ணே. காலையில ஒண்ணு சொன்னம்னா மத்தியானம் ஆனாலும் மறக்காம செஞ்சிட்டு வந்து நிப்பா. வெளையாட்டுக்குக்கூட தப்பா எதுவும் சொல்லிடாத."

"எனக்கேவா? நாள் பூரா நான் அந்த வேலைதானே பாக்குறேன்," என்றான் பாலகுமார்.

போனில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டான். வணக்கம், நன்றி, உங்கள் பெயர் என்ன என்பதையெல்லாம் தாண்டிக் குதித்து நேராகக் கட்டளைகளுக்குப் போனான். 'கோமே' என்றால் சாப்பிடு. 'ஆப்ரே' என்றால் திற. 'சூபே' என்றால் ஏறு. 'தோக்கா' என்றால் தொடு. 'சால்த்தா' என்றால் குதி. ஒரே நாளில் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எதிர்மறைக்கு ஆப்பில் தனியாக ஒரு பாடம் இருந்தது. வினைச்சொல்லின் கடைசி எழுத்து, ஆர் விகுதி, ஏர் விகுதி என்று என்னென்னவோ போட்டிருந்தது. பாலகுமார் அதைத் தள்ளிவிட்டான். குழந்தைக்கு எதற்கு இலக்கணம்?

"வேணாம்னு சொல்றதுக்கு?" என்று அவன் மனைவி ரேகா கேட்டாள். ரேகா பிளவுஸ் தைப்பவள். முன்னறையில் மோட்டார் வைத்த மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

"முன்னாடி ஒரு நோ. அவ்வளவுதான். உலகம் பூரா நோ-ன்னா நோ தான்டி. நோ போட்டா போதும்."

எலேனா நல்ல குழந்தை. எது சொன்னாலும் கண்ணை அகல விரித்துக் கேட்டுவிட்டு, "பாலே," என்பாள். தன் பெயரைத்தான் அந்த ஊர் வழக்கப்படி இழுத்துக் கூப்பிடுகிறாள் என்று பாலகுமார் நினைத்தான். ரேகாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "பாலே, டீ ஆறுது, பாலே," என்று அவளும் ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், வரச் சொன்னால் வந்தாள். வேண்டாம் என்பதை மட்டும் வேண்டுமென்றே செய்தாள். பச்சை முந்திரிக்கொட்டையைக் கையில் வைத்திருந்தபோது "நோ, கோமே!" என்று கத்தினான், டக்கென்று வாய்க்குக் கொண்டுபோனாள். ரேகா பாய்ந்து தட்டிவிட்டதால் உதடு வெந்துபோகாமல் தப்பியது. ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றவளை "நோ, ஆப்ரே!" என்றான், திறந்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அது திமிர் பிடித்த பார்வையாகவே அவனுக்குப் பட்டது. பொட்டைப் பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் அது நடந்தது. ரேகா தைத்த துணியைத் தேய்த்துவிட்டு அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்திருந்தாள். எலேனா பக்கத்தில் போய் நின்றாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பாலகுமாருக்கு உயிரே போய்விட்டது. "நோ! நோ! தோக்கா!" என்று வீடு அதிரக் கத்தினான்.

குழந்தை அவனைப் பார்த்தாள். அயர்ன் பாக்ஸைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு விரலை நீட்டி, மெதுவாக அதன் மேல் வைத்தாள்.

விரலை இழுத்துக்கொண்டு அவள் அலறுவதற்குள் பாலகுமார் ஓடிப்போய் கன்னத்தில் ஒரு அறை விட்டான். பயத்தில் விட்ட அறை. பயந்தவன் அறைதான் பலமாக விழும். அலற வாயைத் திறந்த பிள்ளை அந்த அடியில் சத்தமே இல்லாமல் போய்விட்டாள். விரல் நுனியில் கொப்புளம் எழுந்தது. ராத்திரி வீடியோ காலில் தங்கை கேட்டபோது எறும்பு கடித்தது என்று சொல்லிச் சமாளித்தான்.

ஆபரேஷன் நாள் காலையில் கிளம்பும்போது அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். தங்கையைப் பற்றிய பயம் பாதி, வீட்டைப் பற்றிய பயம் பாதி. வீட்டின் பக்கவாட்டில் மொட்டை மாடிக்குப் படி போகிறது. மேலே ஒரு ரூம் எடுக்கலாம் என்று பின்பக்கக் கைப்பிடிச்சுவரை இடித்துவிட்டு, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும்படி விட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் கீழே துணி துவைக்கிற கல்லும் ஜல்லிக் குவியலும்தான். படிக்குக் கீழே ஒரு கிரில் கேட். அதற்குப் பூட்டு வாங்க வேண்டும் என்று அவன் சொல்லிச் சொல்லி ரேகாவுக்குக் காது புளித்திருந்தது.

எலேனாவைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினான். பழக வந்தவர்களுக்குச் சொல்வதுபோல நிதானமாக, ஒவ்வொன்றாக, கையை நீட்டிக் காட்டிச் சொன்னான். கேட்டைக் காட்டி, "நோ... ஆப்ரே." படியைக் காட்டி, "நோ... சூபே." தலையை அண்ணாந்து, கம்பி நீட்டிக்கொண்டிருந்த மாடி ஓரத்தைக் காட்டி, "நோ... சால்த்தா."

குழந்தை அண்ணாந்து அந்த ஓரத்தையே பார்த்தாள். கன்னம் லேசாக நடுங்கியது. பிறகு சின்னக் குரலில், "பாலே," என்றாள்.

புரிந்துகொண்டாள் என்று பாலகுமாருக்குத் திருப்தி. சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டே கிடைத்தது, தூங்கிக்கூட விட்டான்.

ஆஸ்பத்திரியில் தங்கையைத் தியேட்டருக்குள் கொண்டுபோகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தான். ஸ்ட்ரெச்சரில் பச்சைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். ஊசி போட்டிருந்ததால் கண் பாதிக்குமேல் சொருகியிருந்தது.

"குட்டி படுத்துறாளா, அண்ணே?"

"என் வார்த்தையைத் தாண்டி ஒரு அடி எடுத்து வெக்க மாட்டா," என்றான். அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைப்பு. "காலையில கூட மாடிப்படிகிட்ட நிறுத்தி, கையக் காட்டிச் சொல்லிட்டுதான் வந்தேன். நோ ஆப்ரே. நோ சூபே. நோ சால்த்தா."

சத்யப்பிரியா சிரித்தாள். மயக்கம் கலந்த, வழிகிற சிரிப்பு. "அப்படியா சொன்ன? போண்ணே... நோ போட்டா வால மாத்தணும். ஆ-ன்னு முடிஞ்சா ஏ. ஏ-ன்னு முடிஞ்சா ஆ. கடைசியில ஒரு ஸ். ஆப்ராஸ்... சூபாஸ்... சால்த்தேஸ். நமக்கும் அப்படித்தானே? குதி, குதிக்காத. வால்லதானே மாறுது."

"மாத்தலன்னா?"

"மாத்தலன்னா..." அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "வேணாம், தொற. வேணாம், ஏறு. வேணாம், குதி. அப்படின்னு ஆயிடும். அவ என்ன சொன்னா?"

"பாலே-ன்னா."

"பாலே-ன்னா சரின்னு அர்த்தம், அண்ணே," என்று சொல்லிச் சிரித்தபடியே தங்கை தூங்கிப்போனாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று. அவன் பின்னாலேயே ஓடினான். "வெளில இருங்க சார்," என்று நர்ஸ் கதவைச் சாத்தினார்.

பாலகுமார் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றான். கோமே. திறந்த ஃப்ரிட்ஜ். நீட்டிய ஒரு விரல். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவன் தலையில் விழுந்தன. அந்தக் குழந்தை ஒருமுறைகூட அவன் பேச்சை மீறவில்லை. தொடு என்று சொன்னான், தொட்டாள். அதற்கு அறைந்தான். இன்று காலை கேட்டைத் திற, படி ஏறு, அங்கிருந்து குதி என்று இடத்தையும் காட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவளும் சரி என்று சொல்லியிருக்கிறாள்.

போனை எடுத்தான். அவசரத்தில் ரேகாவின் பெயருக்குப் பதில் எவனோ லேர்னர் லைசென்ஸ்காரன் பெயரை அழுத்திவிட்டு, வெட்டி, மறுபடி அடித்தான். ரிங் போயிற்று. எடுக்கவில்லை. மிஷின் சத்தத்தில் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. மறுபடி. எடுக்கவில்லை. ஸ்பெயினில் மிகேலுக்கு அடித்தான். அங்கே விடிகிற நேரம், போனை அணைத்து வைத்திருந்தான். பக்கத்து வீட்டு தேவநாதனுக்கு அடித்தான். "நான் திட்டக்குடியில ஒரு கல்யாணத்துல இருக்கேன் மச்சான், பேண்டு சத்தம், ஒண்ணும் கேக்கல," என்று வைத்துவிட்டார்.

சிக்னலுக்காகத் தெருவுக்கு ஓடிவந்தான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெரு. ஆட்டோ, சைக்கிள், பூக்காரி, சீர்காழி சீர்காழி என்று கத்துகிற கண்டக்டர். எல்லாரும் அவரவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆட்டோ பிடித்துப் பறந்தாலும் கடலூர் போக ஒரு மணி நேரம் ஆகும். காலடியில் பிரேக் இருக்கிறதா என்று அவன் கால் தன்னாலே தரையை அழுத்தியது. வியர்வையில் போன் வழுக்கியது. சாமி, சாமி, எடுக்க வை, என்று வாய்விட்டே சொன்னான்.

"என்னாங்க, ஆபரேஷன் முடிஞ்சிதா?" ரேகாவின் குரல்.

"எலேனா எங்க?"

"இப்பதான் குளிப்பாட்டி இட்லி குடுத்தேன். வெளில வெளையாடிட்டு இருக்கா."

"போய்ப் பாரு. ஓடு. மாடியப் பாரு!"

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க..." செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். "ஐயையோ, கிரில் கேட்டு தொறந்து கெடக்குதுங்க." பிறகு ஒன்றுமே இல்லை. மூச்சு மட்டும். அந்த மூச்சே அவனுக்குச் சேதி சொல்லிவிட்டது. "பின்னாடி ஓரத்துல நிக்கிறா," என்றாள் ரேகா, குரல் உடைந்து. "கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. அழுவுறா. ஏ குட்டி! நோ! நோ! நோ!"

"வாய மூடு!" பாலகுமார் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "நோ-ன்னு தனியா சொல்லாத! என்ன பண்றா?"

"நான் கத்துனதும் கம்பிய விட்டுட்டாங்க. ஒரு கால முன்னால வெக்கிறா. நான் மேல ஓடுறேன்."

"ஓடாத! நீ ஓடுனா பயந்து குதிச்சிடுவா. ஸ்பீக்கர்ல போட்டு போன மேல தூக்கிப் புடி. நான் சொல்றேன்."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டான். என்ன சொல்வது? ஆ வந்தா ஏ என்றாளா, ஏ வந்தா ஆ என்றாளா? இரண்டும்தானே சொன்னாள். சூபே, சூபாஸ். அது ஏறு. இது குதி. சால்த்தா. ஆ-வில் முடிகிறது. அப்படியென்றால் ஏ. சால்த்தே. கடைசியில் ஸ். இடையில் மூச்சு விடக்கூடாது. நோ சொல்லி நிறுத்தினால் அது வேணாம் ஆகிவிடும், மிச்சம் நிற்பது குதி. தப்பாகச் சொன்னால் இந்த முறை குழந்தை தயங்க மாட்டாள்; தயங்கியதற்கு என்ன கிடைக்கும் என்று அவன் கைதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. தயங்கி ஒரு விரலால் மட்டும் தொட்டதற்கே அப்படி ஓர் அறை என்றுதானே அவள் நினைத்திருப்பாள்.

"தூக்கிப் புடிச்சிருக்கேன்," என்றாள் ரேகா.

"எலேனா," என்றான். பழக வந்தவன் லாரிக்கு எதிரே காரை விடும்போதுகூட அவன் குரலை உயர்த்துவதில்லை, இப்போதும் உயர்த்தவில்லை. எங்கிருந்து அந்த நிதானம் வந்தது என்று அவனுக்கே தெரியாது. "நோசால்த்தேஸ், எலேனா. நோசால்த்தேஸ்."

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயோ காக்கா கத்தியது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஏதாவது விழுகிற சத்தம் கேட்டால் அப்படியே எதிரே வருகிற பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுவிடுவது என்று நினைத்தான், அவ்வளவு பயம்.

மேலே இருந்து, தூரத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு குரல். "பாலே."

"உக்காந்துட்டா," என்று ரேகா கத்தினாள். "பின்னால தள்ளி உக்காந்துட்டாங்க! நான் போறேன், நான் போறேன்." படியில் ஓடுகிற சத்தம். போன் எதிலோ இடிபட்டது. பிறகு ரேகா ஓவென்று அழுகிற சத்தம். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுகிற அழுகை அது. அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரிந்தது.

பாலகுமார் ஆஸ்பத்திரி வாசல்படியில் உட்கார்ந்தான். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதி சட்டையில் சிந்தியது.

"கீழ எறக்கிட்டு வந்துட்டேன்," என்றாள் ரேகா கொஞ்ச நேரம் கழித்து. "மடியிலதான் வெச்சிருக்கேன். கேட்ட கம்பி போட்டுக் கட்டிட்டேன். ஆனா என்னமோ சொல்லிகிட்டே இருக்காங்க. போனப் பாத்துப் பாத்து சொல்றா. உங்ககிட்டதான் சொல்றா போல."

"என்னா சொல்றா?"

"நோ பேகேஸ், நோ பேகேஸ்-ங்குறா. அப்படின்னா என்னாங்க?"

அந்தச் சொல்லை அவன் ஆப்பில் பார்த்ததே இல்லை. ஆனால் முன்னால் நோ இருந்தது. இடையில் மூச்சு விடாமல் சேர்ந்து வந்தது. வால் ஏஸ் என்று முடிந்தது. அது கட்டளை. ஏதோ ஒன்றைச் செய்யாதே என்று அவனுக்குத்தான் சொல்கிறாள். ஐந்து வயதுக் குழந்தை, ஒரு பிசகும் இல்லாமல், வாலை மாற்றிச் சொல்கிறாள்.

"சொல்றப்ப கையில எதாச்சும் காட்டுறாளா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் காட்டல. ரெண்டு கையாலயும் கன்னத்தப் பொத்திகிட்டு இருக்கா."

போன் வழியாக இப்போது அவனுக்கே கேட்டது, சின்னக் குரலில், கெஞ்சுகிற மாதிரி. நோ பேகேஸ். நோ பேகேஸ்.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திற, ஏறு, தொடு, குதி எல்லாம் வந்தது. அடிக்க மாட்டேன் என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.